ரன்னுக்கு ஏன் ரிவியூ இல்லை? அம்பயர் விரலும் காணாமல் போன நாலு லெக் பையும்

#1 மிட்விக்கெட்

இங்க ஸ்கோரிங் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால இங்கயே கேட்டுடறேன்.

2024 டி20 உலகக் கோப்பை, நியூயார்க், ஜூன் 10. தென்னாப்பிரிக்கா 113 எடுத்தாங்க, வங்கதேசம் துரத்துது. 17வது ஓவர்ல பார்ட்மேன் போட்ட பந்து மஹ்முதுல்லா கால்ல பட்டு பவுண்டரிக்கு ஓடுது. அப்பீல் பண்ணாங்க, அம்பயர் விரலைத் தூக்கிட்டார். மஹ்முதுல்லா ரிவியூ கேட்டார். பந்து லெக் ஸ்டம்ப்பைத் தாண்டிப் போகுதுன்னு தெரிஞ்சு நாட் அவுட் ஆச்சு. ஆனா ஓடிப்போன அந்த நாலு லெக் பை (மட்டையில படாம கால்ல பட்டு வர்ற ரன்)? கிடையாது. டாட் பால். கடைசியில வங்கதேசம் 109. தோத்தது நாலே ரன்ல.

நாலு கிடைச்சிருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு நான் சொல்லல. மிச்சப் பந்து எல்லாம் அப்படியே நடந்திருந்தாக்கூட டைதான். என் கேள்வி வேற. தப்பு அம்பயரோடது. அதை நிரூபிச்சது பேட்ஸ்மேன். தண்டனை மட்டும் ஏன் பேட்டிங் டீமுக்கு?

இது ஒண்ணு மட்டும் இல்ல. 2019 உலகக் கோப்பை லார்ட்ஸ் ஃபைனல் ஓவர்த்ரோ (ஃபீல்டர் எறிஞ்சு தப்பிப்போன பந்து), 2020ல துபாய்ல டெல்லி - பஞ்சாப் ஆட்டத்துல 'ஷார்ட் ரன்' (கோட்டைத் தொடலன்னு கழிச்ச ரன்), 2019ல பெங்களூருல மலிங்கா போட்ட கடைசிப் பந்து நோ பால். எல்லாமே ரன் கணக்குல நடந்த தப்பு. விக்கெட்டைச் சரிபார்க்க பந்து போற பாதை, மட்டையில பட்ட சத்தம் எல்லாம் பார்க்கறோம். ரன்னைச் சரிபார்க்க மட்டும் யாருக்கும் மனசு வரல. ஆட்டம் ஜெயிக்கறது ரன்லதானே?

#2 ஃபைன்லெக்பாண்டி

தம்பி, விதின்னு ஒண்ணு ஆட்டத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கு. ரெண்டு டீமுக்கும் தெரியும். தோத்த பிறகு விதியைத் திட்டறது நம்ம ஆளுங்களுக்குப் பழக்கமாப் போச்சு. அந்த ஆட்டத்துல கடைசி ஓவர்ல 11 ரன் வேணும், அடிக்க முடியல. அதைப் பேசுங்க.

#3 மிட்விக்கெட்

பாண்டி அண்ணே, விதி இருக்குன்னு எனக்கும் தெரியும். அது சரியான விதியான்னுதான் கேக்கறேன்.

#4 ஸ்கோர்புக்

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். பிறகு சண்டை போடலாம்.

கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசியின் விதி 20: பேட்டர் ஆட்டமிழந்தால் பந்து 'டெட்', அதாவது அதோடு அந்தப் பந்தின் ஆட்டம் முடிந்தது. எந்தக் கணத்திலிருந்து? அம்பயர் விரல் தூக்கிய கணத்திலிருந்து அல்ல, ஆட்டமிழப்புக்குக் காரணமான சம்பவம் நடந்த கணத்திலிருந்து. எல்பிடபிள்யூ என்றால் பந்து காலில் பட்ட கணம். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் ஆட்டத்தில் சேராது.

இதன் மேல் ஐசிசியின் ஆட்ட நிபந்தனைகளில் டிஆர்எஸ் (அம்பயர் தீர்ப்பை ரிவியூ செய்யும் முறை) பகுதி வருகிறது. அவுட் என்ற தீர்ப்பு நாட் அவுட்டாக மாறினாலும், முதல் தீர்ப்பின்போதே பந்து டெட் ஆகிவிட்டதாகத்தான் கொள்ள வேண்டும் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். விக்கெட் திரும்பக் கிடைக்கும். அந்தப் பந்தில் வந்திருக்கக்கூடிய ரன் கிடைக்காது. ஒரே விதிவிலக்கு, ரிவியூவின்போது அது நோ பால் என்று தெரியவந்தால் அந்த ஒரு ரன் உண்டு.

ஆக நியூயார்க்கில் அம்பயரோ ஸ்கோரரோ விதியை மீறவில்லை. எல்பிடபிள்யூ தீர்ப்பு தவறு, ரன் கணக்கு சரி. மிட்விக்கெட், நீங்கள் அடுக்கிய மற்ற மூன்றும் இதிலிருந்து வேறுபட்டவை. அவற்றில் பந்து உயிரோடு இருந்தது. நடந்ததைத் தவறாக எண்ணினார்கள், அல்லது பார்க்கத் தவறினார்கள். நியூயார்க்கில் 'நடந்திருக்கக்கூடியதை' எண்ணச் சொல்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

#5 ரிவர்ஸ்ஸ்வீப்

நடந்திருக்கக்கூடியதா? பந்து பவுண்டரிக்குப் போனதை உலகமே பாத்துச்சே அக்கா.

#6 ஸ்கோர்புக்

போனதைப் பார்த்தோம். அம்பயர் விரல் தூக்காமல் இருந்திருந்தாலும் போயிருக்குமா? இந்தக் கேள்விக்கு மூன்றாவது நடுவர் என்ன கேமராவை வைத்துப் பதில் சொல்வார்? விரல் எழுந்ததும் ஃபீல்டர் நின்றுவிடுகிறார். கீப்பர் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பௌலரைக் கட்டிப்பிடிக்க ஓடுகிறார். இன்னொரு நாள் பந்து மெதுவாக உருண்டு எல்லைக் கோட்டைத் தொடும், பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர் அவுட் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருப்பார். அதற்கும் நாலு ரன் கொடுப்பீர்களா?

#7 யார்க்கர்_கிங்

இங்கதான் எனக்கு உதைக்குது. களத்துல நாட் அவுட் குடுத்து, ஃபீல்டிங் டீம் ரிவியூ கேட்டு அது அவுட் ஆச்சுன்னா, அதுக்குள்ள எடுத்த ரன் எல்லாம் அழிஞ்சுடும். சரி, நியாயம். அவுட் குடுத்து அது நாட் அவுட் ஆனாலும் ரன் அழிஞ்சுடும். எப்படிப் பாத்தாலும் ரன் போறது பேட்டிங் டீமுக்கு மட்டும்தான். பௌலிங் டீமுக்கு இதுல நஷ்டமே கிடையாது. அம்பயர் தப்பா அவுட் குடுத்தா ஒரு டாட் பால் லாபம். 20 ஓவர் ஆட்டத்துல ஒரு டாட் பாலே எவ்வளவு பெரிய விஷயம்!

#8 ஃபைன்லெக்பாண்டி

அவுட்டான பிறகு எடுத்த ரன் எந்தக் காலத்துல கணக்குல வந்துச்சு? முதல்ல சொன்னது ஒரு உதாரணமே இல்ல.

#9 யார்க்கர்_கிங்

அதைத்தான் 'நியாயம்'னு சொல்லிட்டேனே பாண்டி அண்ணே, முழுசாப் படிங்க.

#10 தேர்ட்மேன்

ஒரு வழி இருக்கு, ஏன் யாரும் சொல்லலன்னு தெரியல. அம்பயர் விரலைத் தூக்கறதுக்கு முன்னாடி பந்து நிக்கறவரைக்கும் காத்திருக்கட்டும். கால்பந்துல வீடியோ நடுவர் வந்த பிறகு அதைத்தானே பண்றாங்க? ஆஃப்சைடுன்னு தோணினாலும் துணை நடுவர் கொடியை உடனே தூக்கறதில்ல. அந்தத் தாக்குதல் முடியட்டும்னு விடறார், கோல் விழுந்தா அப்புறம் பாத்துக்கறாங்க. முன்னாடியே கொடியைத் தூக்கிட்டா தடுப்பாட்டக்காரங்க நின்னுடுவாங்க, அப்புறம் கோலைத் திருப்பிக் குடுக்க முடியாது. ஸ்கோர்புக் அக்கா சொல்ற அதே சிக்கல்தான். அவங்க அதுக்கு ஒரு விடை கண்டுபிடிச்சிட்டாங்க.

பந்து மட்டையில இருந்தோ கால்காப்புல இருந்தோ எல்லைக்குப் போக மூணு நாலு விநாடி. அவ்வளவு நேரம் விரல் கீழ இருந்தா என்ன குடி முழுகிடும்?

#11 ரிவர்ஸ்ஸ்வீப்

அதாவது எல்லா அம்பயரும் ஸ்டீவ் பக்னர் ஆகணும்னு சொல்றீங்க. 'ஸ்லோ டெத்'னு அவருக்குப் பேரே உண்டு. பந்து பட்டு, அப்பீல் அடங்கி, நாம மூச்சை விட்டுட்டு 'சரி நாட் அவுட்'னு உக்காரும்போது மெதுவா ஒரு தலையசைப்பு, அப்புறம் விரல். நம்ம ஊர் ரசிகர்கள் அவரை மன்னிக்க மாட்டாங்க, ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் காலத்துக்கு முன்னாடி இருந்திருக்கார் போல 😀

#12 நைட்வாட்ச்மேன்

பக்னர்னு சொன்னதும் ஆஸ்திரேலியாவோட நாம ஆடின 2008 சிட்னி டெஸ்ட் ஞாபகம் வந்துடுச்சு. சைமண்ட்ஸ் 30ல இருக்கும்போது இஷாந்த் பந்துல எட்ஜ், நாட் அவுட். அங்கிருந்து 162 நாட் அவுட். நாலாவது இன்னிங்ஸ்ல திராவிடுக்கு கால்ல பட்டதுக்கு கேட்ச் அவுட். அதுக்கு அடுத்த பெர்த் டெஸ்ட்ல பக்னரை மாத்தினாங்க.

இவ்வளவு அடிபட்ட இந்தியாதான் டிஆர்எஸ் வேண்டாம்னு பல வருஷம் பிடிவாதமா நின்னது. அதே 2008ல இலங்கைத் தொடர்ல சோதனை முறையில வந்துச்சு, நமக்கு அங்க சரியா அமையல. அதோட கசந்துபோச்சு. இரண்டு நாட்டுத் தொடர்கள்ல அதை ஏத்துக்க 2016 இங்கிலாந்து தொடர் வரைக்கும் ஆச்சு. அம்பயர்ஸ் கால்னு (பந்து ஸ்டம்ப்ல ஓரமாப் பட்டா களத்துல குடுத்த தீர்ப்பே நிக்கும்னு) ஒரு கேலிக்கூத்து இன்னும் நடந்துட்டுதான் இருக்கு. பந்து ஸ்டம்ப்ல பட்டா அவுட். பாதி பட்டா என்ன, கால்வாசி பட்டா என்ன? பெயில் விழப்போகுதா இல்லையா? சச்சினே 2020ல இதைத்தான் சொன்னார்.

#13 ஸ்கோர்புக்

நைட்வாட்ச்மேன், திரையில் தெரிவது பந்து அல்ல. காலில் பட்ட இடத்தோடு பந்தின் பயணம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வருவது கணிப்பு. கணிப்பில் சில மில்லிமீட்டர் தவறு இருக்கத்தான் செய்யும். களத்தில் நாட் அவுட் கொடுத்ததை மாற்ற, பந்தின் பாதிக்கு மேல் ஸ்டம்ப் பகுதியில் படுவதாகக் கணிப்பு காட்ட வேண்டும். அந்தத் தவறுக்கு விட்ட இடம்தான் அது.

அதுவும் கல்லில் எழுதியதாக நிற்கவில்லை. 2016இல் பக்கவாட்டில் அளவை அகலப்படுத்தினார்கள், 2021இல் உயரத்தைப் பெயிலின் மேல்பகுதி வரை கொண்டுபோனார்கள். 2017இலிருந்து அம்பயர்ஸ் கால் என்று வந்தால் கேட்ட அணிக்கு ரிவியூ குறையாது. பழைய கோபத்தையே இன்னும் சுமந்துகொண்டிருந்தால் எப்படி?

#14 நைட்வாட்ச்மேன்

அப்போ ஒரே பந்து, ஒரே இடம். இந்த அம்பயர்னா அவுட், அந்த அம்பயர்னா நாட் அவுட். இதை நீங்க நியாயம்னு சொல்றீங்க. ரைட்.

#15 ஸ்கோர்புக்

ஆமாம். சந்தேகத்தை யாராவது ஒருவர் தீர்த்தாக வேண்டும். பதினைந்து அடி உயர வரைபடத்தை விட இருபத்திரண்டு கஜத்தில் நிற்பவரை நம்புவது எனக்குத் தவறாகத் தெரியவில்லை.

#16 கவர்பாயிண்ட்

டக்வொர்த் லூயிஸ் பத்தி யாரும் பேசலயே? 1992 சிட்னி அரையிறுதி, தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துல 22 வேணும்னு இருந்தது மழை வந்து போனதும் ஒரு பந்துல

#17 நெறியாளர்

கவர்பாயிண்ட், மழை விதிக்கு ஏற்கெனவே ஓர் இழை ஓடுகிறது, அங்கே தொடருங்கள். அம்பயர்ஸ் கால் சண்டைக்கும் வேறு இடம் உண்டு. இங்கே ரன் கணக்கு.

#18 மிட்விக்கெட்

நன்றி. லார்ட்ஸுக்கு வருவோம். ஸ்கோர்புக் அக்கா, நீங்களே சொல்லிட்டீங்க, அது வேற வகைன்னு. அப்போ அதுக்காவது ரிவியூ வேணுமா வேண்டாமா?

2019 ஜூலை 14. கடைசி ஓவர், போல்ட் போடறார். நாலாவது பந்து, இங்கிலாந்து நியூசிலாந்தைத் துரத்துது. மூணு பந்துல 9 வேணும். ஸ்டோக்ஸ் அடிச்சுட்டு ரெண்டாவது ரன்னுக்குத் திரும்பறார், டைவ் அடிக்கறார், கப்தில் எறிஞ்ச பந்து அவர் மட்டையில பட்டு எல்லைக்கு ஓடிடுச்சு. ரெண்டு ப்ளஸ் நாலு, ஆறு ரன்னு குடுத்தாங்க. ரெண்டு பந்துல 3. அப்புறம் டை, சூப்பர் ஓவரும் டை, அதனால யார் பவுண்டரி அதிகம் அடிச்சாங்கன்னு எண்ணினாங்க, 26க்கு 17, கோப்பை இங்கிலாந்துக்கு.

விதிப்படி ஆறா, அஞ்சா?

#19 ஸ்கோர்புக்

ஐந்து.

விதி 19.8. ஓவர்த்ரோ பவுண்டரிக்குப் போனால், பவுண்டரியின் நாலு, அதோடு முடித்த ரன்கள், அதோடு ஓடிக்கொண்டிருக்கும் ரன். இந்தக் கடைசி ரன் சேர வேண்டுமானால், ஃபீல்டர் எறிந்த கணத்திலேயே பேட்டர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்திருக்க வேண்டும். மட்டையில் பட்ட கணம் அல்ல, எறிந்த கணம். கப்தில் கையிலிருந்து பந்து கிளம்பியபோது ஸ்டோக்ஸும் மறுமுனையில் இருந்த ரஷீதும் இரண்டாவது ரன்னில் கடந்திருக்கவில்லை. ஆகவே ஒரு ரன்னும் பவுண்டரியும்தான். முன்னாள் அம்பயர் சைமன் டஃபலும் பிறகு இதையே சொன்னார்.

எல்லோரும் அந்த ஒரு ரன்னைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஸ்ட்ரைக். இரண்டாவது ரன் கணக்கில் இல்லை என்றால் பேட்டர்கள் முதல் ரன் முடிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்த பந்தை ரஷீத் ஆடியிருப்பார். இரண்டு பந்தில் 4, எதிரில் போல்ட், மட்டை ரஷீத் கையில். ஸ்டோக்ஸ் மறுமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

#20 ரிவர்ஸ்ஸ்வீப்

இதை இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. ஒரு ரன்னை விட ஸ்ட்ரைக் பெரிசு. நியூசிலாந்துக்காரங்க இதைப் படிச்சா திரும்பவும் அழுவாங்க.

#21 ஃபைன்லெக்பாண்டி

அந்த நேரத்துல ரெண்டு அம்பயரும் என்ன பண்ண முடியும்? ஒருத்தர் எறியறதைப் பார்க்கணும், அதே நேரத்துல பிட்ச்ல ரெண்டு பேரும் கடந்தாங்களான்னு பார்க்கணும், மறுமுனையில ரன் அவுட் வேற வரலாம். யாருக்கு அத்தனை கண்ணு? அன்னைக்கு களத்துல இருந்த அம்பயர் தர்மசேனா பிற்பாடு டிவி ரீப்ளே பாத்துட்டு தப்புன்னு ஒத்துக்கிட்டார். ஆனா அந்த நேரத்துல மூணாவது நடுவர்கிட்ட கேக்க வழியில்ல, ஏன்னா அதுல ஆட்டமிழப்பு எதுவும் இல்லன்னும் சொன்னார். அந்த மனுஷனைத் திட்டறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

#22 மிட்விக்கெட்

அண்ணே! நான் முதல் பதிவுல இருந்து கத்திக்கிட்டு இருக்கறதே அதைத்தானே! ஆட்டமிழப்பு இல்லைன்னா கேக்க வழியில்ல. அம்பயரை நான் எங்க திட்டினேன்? அவருக்கு ஒரு வழியைக் குடுங்கன்னு சொல்றேன். உலகக் கோப்பை ஃபைனல்ல, சுத்தி இருக்கற கேமராவுல எல்லாம் ரஷீதும் ஸ்டோக்ஸும் எங்க நின்னாங்கன்னு தெளிவாத் தெரியுது. விதியைப் படிக்கத் தெரிஞ்சவருக்கு ஒரு ரீப்ளே போதும். ஆனா கேக்கக்கூடாது!

#23 தேர்ட்மேன்

முழுக்கவும் அப்படி இல்ல மிட்விக்கெட். ஃபீல்டர் எல்லைக் கயித்தைத் தொட்டாரா, நாலா ரெண்டா, ஆறா நாலான்னு மூணாவது நடுவர்கிட்டதான் கேக்கறாங்க. அது ரன் கணக்குதானே? கதவு எப்பவோ திறந்தாச்சு, பாதி திறந்து வெச்சிருக்காங்க.

நோ பாலும் அப்படித்தான். நீங்க சொன்ன மலிங்கா பந்து, 2019 மார்ச் 28, கடைசிப் பந்துல பெங்களூருக்கு 7 வேணும். கோட்டைத் தாண்டி கால் வெச்சதை யாரும் கவனிக்கல. ஆட்டம் முடிஞ்ச பிறகு பெரிய திரையில பாத்தாங்க. அடுத்த வருஷமே ஐசிசி முன்கால் நோ பாலை மூணாவது நடுவர்கிட்ட குடுத்துடுச்சு. 2020 மகளிர் டி20 உலகக் கோப்பையில அப்படித்தான் நடந்துச்சு. இப்போ அதைப் பத்தி யாராவது சண்டை போடறாங்களா? பிரச்சினை தீர்ந்துச்சு.

2023ல இருந்து மகளிர் பிரீமியர் லீக்லயும் ஐபிஎல்லயும் வைடு, இடுப்புயர நோ பாலுக்குக்கூட ரிவியூ கேக்கலாம்.

#24 யார்க்கர்_கிங்

இடுப்புயர நோ பால்னதும்... 2019 ஐபிஎல், ஜெய்ப்பூர், சென்னை - ராஜஸ்தான் ஆட்டம். கடைசி ஓவர், ஸ்டோக்ஸ் போடறார், சாண்ட்னர் ஆடறார். ஒரு அம்பயர் கையை நீட்டறார், இன்னொருத்தர் இல்லைங்கறார். தல தோனி, வீரர்கள் உக்கார்ற இடத்துல இருந்து நேரா மைதானத்துக்குள்ள. ஆட்டச் சம்பளத்துல 50 சதவீதம் அபராதம். அவரை அப்படி நான் பாத்ததே இல்ல.

அந்த ரிவியூ அன்னைக்கு இருந்திருந்தா அவர் உக்காந்த இடத்துலயே உக்காந்திருப்பார்.

#25 ஃபைன்லெக்பாண்டி

அவர் பண்ணதும் தப்புதான். தலையா இருந்தா என்ன.

#26 யார்க்கர்_கிங்

அண்ணே அதை நான் சரின்னு சொல்லவே இல்ல 🙏 கடைசிப் பந்துல சிக்ஸர் அடிச்சு சாண்ட்னர் ஜெயிச்சதால தப்பிச்சோம்.

#27 லெக்கட்டர்

நான் இங்க படிக்க மட்டும் வர்றவன். துபாய் விஷயத்துல ஒண்ணு சேர்க்கணும். 2020 செப்டம்பர் 20. ஜோர்டன் ரெண்டு ரன் ஓடினார், ஸ்கொயர் லெக் அம்பயர் ஒரு ரன் ஷார்ட்னு சொல்லிட்டார். ரீப்ளேல மட்டை கோட்டுக்குள்ள இருந்தது சாதாரணமா பாக்கறவங்களுக்கே தெரிஞ்சது. ஆட்டம் 157க்கு 157 டை. சூப்பர் ஓவர்ல டெல்லி ஜெயிச்சுது. பஞ்சாப் அணி ஆட்ட நடுவர்கிட்ட முறையிட்டாங்க, முடிவு மாறல.

லார்ட்ஸ்லயாவது விதி கொஞ்சம் சிக்கலானது. இங்க மட்டை கோட்டைத் தாண்டுச்சா இல்லையா, அவ்வளவுதான். ரன் அவுட்டுக்கு இதே கோட்டை இதே கேமராவுல தினமும் பாக்கறோம். அதே மட்டை, அதே கோடு. ரன் அவுட்டான்னு கேட்டா மூணாவது நடுவர் பெருசாக்கிப் பாப்பார். ரன்னான்னு கேட்டா அன்னைக்குப் பாக்க வழியில்ல. ஷார்ட் ரன்னை மூணாவது நடுவர் பாக்கணும்னு ஐசிசி 2021லதான் கொண்டுவந்துச்சு.

#28 ரிவர்ஸ்ஸ்வீப்

படிக்க மட்டும் வர்றவர் ஒரே பதிவுல எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டார்.

#29 ஸ்கோர்புக்

லெக்கட்டர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஷார்ட் ரன்னைப் போல, ஓவர்த்ரோவில் கடந்தார்களா என்பதும் மூன்றாவது நடுவர் பார்வைக்குப் போக வேண்டும். அணிகள் கேட்கும் ரிவியூவாகக்கூட வேண்டாம். அவரே பார்த்து, அடுத்த பந்து போடும் முன் சொல்லிவிடலாம், முன்கால் நோ பாலைப் போல. ஸ்கோரரான எனக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு. உள்ளூர் ஆட்டங்களில் ரன்னை ஒருமுறை எழுதிவிட்டு, இரண்டு ஓவர் கழித்து 'அது ரெண்டு இல்ல, ஒண்ணு' என்று யாராவது வந்து நிற்கும்போது புத்தகத்தை அடித்துத் திருத்துவது போன்ற வேதனை வேறில்லை. கூட்டல் மட்டுமா மாறும்? பேட்டர் கணக்கு, பௌலர் கணக்கு, யார் ஸ்ட்ரைக்கில் இருந்தார், அதற்குப் பிறகான ஒவ்வொரு பந்தும் யார் பெயரில். மொத்தமும் ஆடும்.

ஆனால் நியூயார்க்கில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

#30 பேக்ஃபுட்

இடையில ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. 2010 தம்புள்ளைல சேவாக் 99ல இருக்கும்போது இலங்கை பௌலர் ரந்தீவ் வேணும்னே நோ பால் போட்டார்ல, சேவாக் அதை சிக்ஸர் அடிச்சார். ஏன் அந்த ஆறு சேரல? பந்து அங்க உயிரோடதானே இருந்துச்சு?

#31 ஸ்கோர்புக்

இல்லை, ஆட்டமே முடிந்துவிட்டது. ஸ்கோர் சமநிலை, ஒரு ரன் வேண்டும். கோட்டைத் தாண்டிக் காலை வைத்த கணத்திலேயே நோ பாலின் ஒரு ரன் இந்தியாவுக்கு வந்துவிட்டது. வெற்றி. சேவாக் மட்டை பந்தில் படும்போது அந்த ஆட்டம் வரலாறு. 99 நாட் அவுட்.

அதே பந்து முறையானதாக இருந்திருந்தால் ஆறும் சேர்ந்திருக்கும். வெற்றிக்குத் தேவையான ரன்னை ஓடி முடிப்பதற்குள் பந்து எல்லையைத் தாண்டினால் முழு பவுண்டரியும் உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. ரந்தீவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான் எரிச்சலே. அவருடைய வாரியமே ஓர் ஆட்டம் தடை விதித்தது.

இதே தர்க்கத்தில் ஒரு பழைய புதிர் உண்டு: சமநிலை, ஒரு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பந்து வைடு, பேட்டர் இறங்கி வந்து விட்டுவிட்டார், கீப்பர் ஸ்டம்ப்பிங். யார் வென்றது?

#32 பேக்ஃபுட்

டை?

#33 தேர்ட்மேன்

பேட்டிங் டீம். அம்பயர் பின்னாடி சொன்னாலும் வைடுங்கறது பந்து போட்ட நேரத்துல இருந்தே வைடுதான். ரன் முதல்ல, ஸ்டம்ப்பிங் அப்புறம். ஸ்டம்ப்பிங் நடக்கும்போது ஆட்டமே இல்ல.

#34 பேக்ஃபுட்

அப்போ நோ பால்ல பை ஓடினா பௌலர் கணக்குல எழுதுவீங்களா? எங்க ஆட்டத்துல நான் பௌலர், அஞ்சு ரன் என் தலையில போட்டுட்டாங்க. கீப்பர் விட்டது!

#35 ஸ்கோர்புக்

2017 விதித் தொகுப்புக்கு முன்பு அப்படித்தான், எல்லாம் நோ பால் கணக்கு. இப்போது இல்லை. நோ பால் ஒன்று மட்டும் உங்கள் பெயரில், நாலு பை உதிரியில். வைடில் ஓடினால் மட்டும் எல்லாம் வைடுதான், அது முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

#36 மிட்விக்கெட்

பேக்ஃபுட்டின் எகானமியைக் காப்பாத்தியாச்சு, இப்போ நியூயார்க். தேர்ட்மேன் சொன்ன தாமத விரலுக்கு ஸ்கோர்புக் அக்கா இன்னும் பதில் சொல்லல.

ஃபீல்டர் நின்னுடுவார்னு சொன்னீங்க. சரி, விரல் கீழயே இருந்தா ஏன் நிக்கணும்? இப்பவும் எல்பிடபிள்யூ அப்பீல் பண்ணி, அம்பயர் நாட் அவுட்னு சொன்னா லெக் பை ஓடறது செல்லும். ஃபீல்டிங் டீம் ரிவியூ கேட்டுத் தோத்தாலும் அந்த ரன் அப்படியே இருக்கும். அதனால கத்திக்கிட்டே பந்தையும் பாக்கறது அவங்க வேலை, இன்னைக்கே. புதுசா எதையும் கேக்கல.

#37 ஸ்கோர்புக்

பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். தாமத விரல் நல்ல யோசனைதான், அதில் ஓட்டை எங்கே என்று பார்ப்போம்.

பந்து காலில் பட்டு ஷார்ட் ஃபைன் லெக் பக்கம் போகிறது. அப்பீல். அம்பயர் மனதில் அவுட், ஆனால் விரல் கீழே. பேட்டர்கள் ஓடுகிறார்கள். மறுமுனைக்காரர் ரன் அவுட். பந்து நின்றதும் அம்பயர் ஸ்ட்ரைக்கருக்கு எல்பிடபிள்யூ கொடுக்கிறார். ஸ்ட்ரைக்கர் ரிவியூ கேட்கிறார், நாட் அவுட். இப்போது அந்த ரன் அவுட் என்ன ஆகும்?

இன்றைய விதியில் சிக்கலே இல்லை. எல்பிடபிள்யூ தீர்ப்போடு பந்து டெட், ரன் அவுட் இல்லை, இருவரும் தொடர்ந்து ஆடலாம். உங்கள் விதியில்?

#38 யார்க்கர்_கிங்

ஐயோ. ரிவியூ கேட்டு தன்னைக் காப்பாத்திக்கிட்டு பார்ட்னரைக் கொன்ன கதை.

#39 மிட்விக்கெட்

ரன் வேணும்னா ரன் அவுட்டும் செல்லணும். அதுல ஒளிச்சு விளையாட முடியாது. ஒத்துக்கறேன்.

#40 ஃபைன்லெக்பாண்டி

பாத்தியா! நாலு லெக் பைக்கு நியாயம் கேக்கப் போய் ஒரு விக்கெட்டைக் குடுத்துட்டு வந்து நிக்கற. ஸ்ட்ரைக்கர் ரிவியூ கேக்கணுமா வேண்டாமான்னு அவங்களுக்குள்ளயே பஞ்சாயத்து வரும். எல்பிடபிள்யூ ஆனா கடைசி ஆட்டக்காரன் தப்பிப்பான், ரிவியூ ஜெயிச்சா அவன் போவான். யாரு முக்கியம்னு கணக்குப் போட்டு ரிவியூ கேப்பாங்க.

#41 தேர்ட்மேன்

பாண்டி அண்ணே சொன்னது நெசமாவே யோசிக்க வேண்டிய ஒண்ணு. ஒரு குறுக்கு வழி: ஓடி எடுத்த ரன்னை விட்டுடுங்க. விரல் எழறதுக்கு முன்னாடியே பந்து எல்லையைத் தொட்டிருந்தா மட்டும் நாலு செல்லும்னு வெச்சா? பவுண்டரி ஆனதும் பந்து எப்படியும் டெட், அதுக்கு மேல ரன் அவுட் வர வழியில்ல. நியூயார்க் மாதிரி சங்கதிக்கு இது போதும்.

#42 ஸ்கோர்புக்

இதை ஏற்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு நிபந்தனை, லெக் பைக்கு உரிய பழைய நிபந்தனைதான்: பேட்டர் பந்தை ஆட முயன்றிருக்க வேண்டும், அல்லது அடிபடாமல் விலக முயன்றிருக்க வேண்டும். மட்டையைத் தூக்கி விட்டுவிட்டுக் காலில் வாங்கினால் பவுண்டரி போனாலும் ரன் இல்லை. அதையும் அம்பயர்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கும் ரிவியூ கிடையாது.

#43 பேக்ஃபுட்

அதுக்கும் ரிவியூ கேட்டா?

#44 ஃபைன்லெக்பாண்டி

டேய்.